ஆடு தேடவும் லெவலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நானும் என் மகளும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் (கதையில் ஒரு பாத்திரமாக மாறி ஆடுவது) ஆடுவோம். ஆட ஆட நம் பாத்திரத்தின் பலம் ஏறும் படிதான் லெவல். நான் 34ஆம் லெவல். வீட்டுப்பாடம் முடித்து மிச்ச நேரத்தில் ஆடும் அவள் 17. போன வாரம் அந்த கேமில் வரும் ஒரு கிழவர், தொலைந்த ஆட்டைத் தேடித் தரச் சொன்னார். என்னிடம்தான். 20ஆம் லெவல் ஆகாதவர்களிடம் அவர் வாயே திறக்க மாட்டாராம். நான் மட்டும் தேட, அவள் பக்கத்தில் வேடிக்கை பார்த்தாள்.

டிராகனைக் கொல்ல லெவல் கேட்டால் சரி. புதியவர்கள் பத்து தடவை செத்து வெறுத்துப்போகாமல் இருப்பார்கள். ஆட்டுக்கு எதற்கு?

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2004இல் வந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டில் ‘சைட்கிக்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. லெவல் குறைந்தவர் லெவல் கூடியவரோடு சேர்ந்தால், கூடியவருக்கு ஒரு படி கீழே வரை குறைந்தவரின் பலம் ஏறிவிடும். பிரிந்தால் பழையபடி இறங்கிவிடும். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இன்னொரு விளையாட்டோ 2018இல் பழைய பகுதிகளிலும் எதிரிகளையே ஆடுபவரின் லெவலுக்கு ஏற்ப மாற்றியது. எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. வளர்ந்த பிறகும் பழைய ஓநாய் அதே பாடு படுத்தினால் வளர்ந்து என்ன பயன்?

எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். அந்தக் கிழவர் என் மகளிடமும் ஒரு வார்த்தை பேசட்டும்.

ஒரு வாசகர்,
திருச்சி