கொத்துச் சத்தமும் நித்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனம் ஆற வேண்டுமென்றால் குயிலையும் புல்லாங்குழலையும் கேட்கச் சொல்கிறார்கள். எனக்கு அது சரிவரவில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பின்னேரம் ஆறரைக்குக் கொத்து ரொட்டி போடத் தொடங்கினால், இரண்டு தகடும் முதலில் மெதுவாகவும் முட்டை விழுந்த பிறகு டக டக டக்கென்று வேகமாகவும் அடிக்கிற அந்தத் தாளத்தில்தான் என் அன்றைய அலுப்பெல்லாம் இறங்கும். (பசியும் வரும், அது வேறு கதை.)

மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டும்போதும் அப்படித்தான். ஒரே சீரான இரைச்சல் நாய் குரைப்பதையும் மோட்டார் சைக்கிளையும் மூடிவிடுகிறது, நித்திரை கலைவதில்லை. ஒலிபெருக்கியை மட்டும் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் ரயில். 1990இல் நின்றுபோனது 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அத்தனை வருடம் கேட்காத சத்தம் என்பதாலோ என்னவோ, இரவில் தண்டவாளம் அதிர்கிறபோது அம்மா ஒருமுறை புரண்டு படுத்து, "போகுது" என்று சொல்லிவிட்டு உடனே நித்திரையாகிவிடுவார்.

வேறு வாசகர்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதச் சொல்லுங்களேன்.

கிளிநொச்சி வாசகர் ஒருவர்