ஸ்வார்ஃப்னு சொன்னாங்கன்னு கேட்டயே

அம்முணி,

நல்லா இருக்கியா. இங்கிலாந்துல, அந்த ஷெஃபீல்டுல குளிரு சாஸ்தின்னு சொன்ன, ஸ்வெட்டர் இல்லாம வெளிய போவாத. அன்னைக்கு போன்ல ‘ஸ்வார்ஃப் கிளீன் பண்ணுன்னாங்க, அப்படின்னா என்னப்பா’ன்னு கேட்ட, நானு லோடு ஏத்திட்டு இருந்தேன், வெவரமா சொல்ல முடியல.

லேத்துல இரும்ப கடையும்போது சுருளும் தூளுமா கழிஞ்சு விழுவுதுல்ல, அதேதான். ஸ்காண்டிநேவியாக்காரங்க அந்தக் காலத்துல பேசுன பழைய நார்ஸ் பாஷைல ஸ்வார்ஃப்னா அரத்துல ராவுன தூளு, நம்மூர்ல அரப்பொடிங்கறமே அது (அரப்புப் பொடின்னு நெனச்சுராத, அது தலைக்குத் தேய்க்கறது, உங்கம்மா இந்த பார்சல்லயும் ஒரு பாக்கெட் வெச்சிருக்கா).

அங்க எல்லாத்துக்கும் அந்த ஒரே பேர போட்டு முடிச்சுக்கறாங்க, நம்ம கோயமுத்தூர் பட்டறைல அது ஆகாது. எம்எஸ்ல (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) நீளமா சுருண்டு வர்றது டர்னிங், வார்ப்பிரும்பு பம்ப் பாடி கடையும்போது உதுர்றது போரிங், ரெண்டயும் கலந்துட்டா பழைய இரும்புக்காரன் ரேட்ட கொறச்சுப்போடுவான். வார்ப்பிரும்புக்குள்ள கிராஃபைட் செதில் செதிலா கெடக்கறதால அது சுருளவே சுருளாது, பொடிப்பொடியா ஒடஞ்சுரும், கை கரியாவறதும் அதனாலதான்.

சுருளோட கலர பாத்துப் பழகிக்க. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்ல நீலமா வந்துச்சுன்னா சூடு 300 டிகிரி பக்கம் போயிருச்சு, ஸ்பீட கொறச்சு கூலண்ட் வுடு, அதவிட சூடு தாங்கற கார்பைடு டூல்ல நீலம்னா பயமில்ல, சூடு சுருளோடயே போயிருதுன்னு அர்த்தம். கையில மட்டும் இழுத்துராத சாமி, அறுத்துரும், மிஷின நிறுத்திட்டு கொக்கி வெச்சு எடு. மெக்னீசியம் தூள்ல தீப்புடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, காஞ்ச மணலத்தான் போடோணும்.

உங்க ஷெஃபீல்டு சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தக் காலத்துல கத்தி சாணை புடிக்கற கல்லுல இருந்து வழியற சேறு, கல்லுத்தூளும் இரும்புத்தூளும் கலந்தது, அதுக்கு வீல்ஸ்வார்ஃப்னு பேரு. அதையும் அவங்க வீணாக்கல. இரும்புப் பட்டையையும் மரக்கரியையும் பெட்டில அடுக்கி நாள்கணக்கா உலைல வெச்சு ஸ்டீல் பண்ணுவாங்க, காத்து போவாம அந்தப் பெட்டிய மேல பூசி அடைச்சது இந்த சேத்துலதான், சூட்டுல உருகி கண்ணாடியாட்ட இறுகிக்கும். எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சுது, கழிவ வெச்சே மூடி செஞ்சிருக்காங்க பாரு.

அங்க டான்காஸ்டர் ஸ்ட்ரீட்ல 1848ல கட்டுன அந்த மாதிரி உலை ஒண்ணு இன்னும் நிக்குது, 1951 வரைக்கும் ஓடுச்சு. லீவுல போயி வெளிய இருந்தாவது நாலு போட்டோ எடுத்தனுப்பு, நம்ம கணபதி ஏரியால ஃபவுண்டரிக்காரங்ககிட்ட காட்டோணும். நம்மூரு நேரம் ராத்திரி எட்டுக்கு மேல கூப்புடு, அதுக்கு முன்னால பட்டறை சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

அப்பா