மாமாவிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். வெயிலைப் பற்றி வேலூரில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறாயாமே, போன தடவை மாதிரி சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போனால் அம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட்னி மாற்றிக்கொண்ட உங்க மாமாவுக்கு ஈறு வீங்கியிருக்கிறது, கிட்னிக்காகப் போடுகிற மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் என்று போனில் சாதாரணமாகச் சொன்னாயே, வேண்டவே வேண்டாம்டா. எங்க பாபுவுக்கும் இதேதான். அம்மா கொடுத்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது, கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் கூட ஏறவில்லை. ஆனால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சிரிக்கிறவன், கொஞ்ச நாளாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வற்புறுத்திப் பார்த்தால், முன்பல் ரெண்டுக்கும் நடுவில் ஈறு மாதுளை முத்து மாதிரி திரண்டு பாதிப் பல்லை மூடியிருக்கிறது. பிரஷ் பட்டாலே ரத்தம்.

முதலில் பார்த்த பல் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று திட்டி, ஒரு பேஸ்ட் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். 1971-லேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்றிய ஊரில் இதைக்கூடக் கேட்கமாட்டார்களா என்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கிட்னி டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், சைக்ளோஸ்போரின் என்று. உடம்பு கிட்னியைத் தள்ளிவிடாமல் காக்கிற மாத்திரைதான் ஈறையும் வளர்க்கிறது. சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வருமாம், பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பிரஷருக்கு அவன் போட்டுக்கொண்டிருந்த நிபெடிபினும் அதே மாதிரி ஈறை வளர்க்கிற மருந்து, ரெண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? பல் இடுக்கில் அழுக்கு தங்கினால் ஈறு வீங்கும், வீங்கினால் பிரஷ் உள்ளே போகாது, அழுக்கு இன்னும் சேரும். பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். சைக்ளோஸ்போரினுக்குப் பதில் கிட்னியைக் காக்கிற இன்னொரு மாத்திரை, டாக்ரோலிமஸ், அதில் ஈறு வளர்வது ரொம்பக் குறைவு. ஆனால் சர்க்கரை வரலாம், கை நடுங்கலாம் என்பதால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பல்லையும் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். ஈறு மெல்ல இறங்குகிறது. இறங்காத இடத்தை வெட்டி எடுக்கலாம், ஆனால் பழைய மாத்திரையே தொடர்ந்தால் மறுபடி வளரக்கூடுமாம்.

மாமா தானாக நிறுத்தினால் ஈறு என்ன ஆகுமோ, கிட்னி போய்விடும். அக்கா கொடுத்த கிட்னி சேகர். பல் வலிக்கிறது என்று கடையில் கேட்டு புரூபன் மாதிரி வலி மாத்திரையும் போடக் கூடாது, கிட்னிக்கு ஆகாது. சில ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் சைக்ளோஸ்போரினை ஏற்றிவிடும், அதனால் பல் டாக்டர் எதை எழுதினாலும் கிட்னி டாக்டரைக் கேட்டுவிட்டே வாங்கச் சொல்.

அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு, பிரஷர் மாத்திரைச் சீட்டையும் விட்டுவிடாதே. நான் சொன்னால் கேட்பார் என்றால் அவர் நம்பரையும் அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
முரளி