காசிமேட்டு அங்கன்வாடி டீச்சருக்கு, ஆடும் நண்டு பற்றி

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். பிள்ளைகளோடு அசையும் காகிதப் பிராணி ஒன்று செய்வதென்றால் நண்டிலிருந்து தொடங்குங்கள். முயலும் ஒட்டகச்சிவிங்கியும் உங்கள் பிள்ளைகளுக்குப் படத்தில் பார்த்தவை. நண்டு அப்படியில்லை, வீட்டு அலுமினியச் சட்டியில் பிறாண்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு சங்கடமும் உண்டு: காலை எண்ணிவிடுவார்கள். கொடுக்கு இரண்டு, கால் எட்டு. சமையலுக்கு வரும் கடல் நண்டில் கடைசி சோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். நாலு காலோடு ஒரு நண்டை நீட்டினால் டீச்சர் என்றும் பார்க்க மாட்டார்கள், திருத்திவிடுவார்கள்.

நண்டு பக்கவாட்டில் போகிற பிராணி. அரைவட்ட அட்டையும் பக்கவாட்டில்தான் ஆடும். செய்முறை இந்தப் பொருத்தத்தில்தான் நிற்கிறது.

அட்டைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வழவழப்பும் தங்க முலாமும் உள்ளவற்றை ஒதுக்குங்கள். பசையும் பிடிக்காது, கிரேயானும் ஏறாது. பிள்ளையார் படம், சாமி படம் இருக்கும் பக்கத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். தரையில் வைத்து ஆட்டினால் வீட்டில் ஏதாவது சொல்வார்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சார்ட் அட்டை கிடைக்கும். நோட்டுத் தாள் உடம்புக்கு ஆகாது. அடிவிளிம்பு வளைந்து, ஆடாமல் உட்கார்ந்துவிடும்.

சுமார் 16 செ.மீ. அகலமுள்ள சம்படத்தின் மூடியை வைத்து முழு வட்டம் வரையுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோல் ஒரே இடத்தில் நிற்க, தாளைத்தான் திருப்ப வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கும். மூன்று வயதுக்காரர்களுக்கு வட்டத்தை நீங்களே வெட்டிக் கொடுங்கள், ஆனால் பாதியாக மடிப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மடிப்பதற்கு முன் வட்டத்தை நெடுக்காக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் சுலபமாக வளையும், மறு வாக்கில் முரண்டு பிடிக்கும். காகித நார் ஓடும் திசைதான் காரணம். சுலபமாக வளையும் வாக்கில் மடித்தால் மடிப்பு நேராக வரும். மாற்றி மடித்தால் வெடித்து நார் நாராகத் தெரியும். அட்டை தடிமனாக இருந்தால், மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். விளிம்போடு விளிம்பு சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஒரு பாதி பெரிதாகி, அது மட்டும் தரையைத் தொடும். நண்டு நொண்டும்.

மடித்த பிறகுதான் வண்ணம். முதலிலேயே வரையச் சொன்னால் வட்டம் முழுக்க ஒரே முகம் போட்டுவிடுவார்கள். மடித்ததும் கண் ஒரு பக்கம், வாய் மறுபக்கம் போய்விடும். மடிப்பு மேலே, வளைந்த விளிம்பு கீழே என்று கையில் கொடுத்து வரையச் சொல்லுங்கள். முதுகில் மூன்று கருஞ்சிவப்புப் புள்ளி வைக்கிற பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். சந்தையில் அந்த நண்டும் வரும்தானே.

இனி முக்கியமான இடம். மடித்த அட்டையை அப்படியே நிறுத்தினால் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு முன்னாலோ பின்னாலோ விழும். அகல விரித்தால் தரையோடு படிந்துவிடும். அடியில் 4 செ.மீ. இடைவெளி போதும். அதற்கு 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஓர் அட்டைப் பட்டை வெட்டி, இரண்டு முனையிலும் 2 செ.மீ. மடித்து, பாலம் மாதிரி உள்ளே ஒட்டுங்கள். சரியாக நடுவில், அடிவிளிம்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே. அந்தப் பாலத்தின் மேல் இரண்டு மூன்று அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டினால் எடை கீழே தங்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் இதே கணக்குதான்: சாய்த்தால் அடிக்கனம் மேலேறும், விட்டதும் இறங்கப் பார்க்கும். எடைக்கு ஒரு ரூபாய்க் காசு வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். காசு கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.

காலும் கொடுக்கும் ஒட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். பாயில் ஆடாது, வெறும் தரை வேண்டும். ஒரு முனையை விரலால் அழுத்திவிட்டால் நாலைந்து தரமாவது ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் பாலம் நடுவில் இல்லை என்று அர்த்தம்.

கால்களுக்கு நோட்டுத் தாள்தான் சரி: 6 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், நடுவில் ஒரு மடிப்பு. முட்டி மேலே இருக்கும்படி பக்கத்துக்கு நாலாக ஒட்டுங்கள். கீழே தொங்கவிட்டால் சாயும்போது தரையில் இடித்து ஆட்டம் நின்றுவிடும். கடைசிக் காலின் நுனியை மட்டும் வட்டமாக வெட்டினால் துடுப்பு. கண் சின்னதாக இருக்கட்டும். மடிப்புக்கு மேலே கனம் ஏற ஏற நண்டு கவிழும்.

ஐந்து வயதுக்காரர்கள் கொடுக்கைக் காகித ஸ்பிரிங்கில் மாட்டலாம். 15 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை முனையில் குறுக்காக ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடிக்க வேண்டும். எல்லாரும் தவறுவது ஒரே இடம்: ஒரே பட்டையை இரண்டு முறை மடித்துவிடுவார்கள், ஸ்பிரிங் பிரிந்துவிடும். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள் என்று கொடுத்து “சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள்” என்று சொல்லிக்கொண்டே மடிக்கச் சொல்லுங்கள்.

பசைக்கு இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சினால் போதும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாள் புளித்துவிடும். ஃபெவிகால் என்றால் பாட்டிலைக் கையில் கொடுக்காமல் மூடியில் கொஞ்சம் ஊற்றி விரலால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். நிறைய வைத்தால் அட்டை ஈரம் குடித்துக் கோணிக்கொள்ளும். கடல் காற்றில் காய நேரமாகும், அதனால் முதல் நாள் உடம்பும் பாலமும், மறுநாள் காலும் கொடுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏழு காலோடு யாராவது கொண்டுவந்தால் உடனே திருத்த வேண்டாம். கால் போன நண்டு கூடையிலும் இருக்கும், ஓடு கழற்றும்போது புதுக்கால் முளைத்துவிடும். ஆனால் காகித நண்டு அந்தக் குறைந்த பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கும். ஏன் என்று கேளுங்கள். இன்னொரு கால் ஒட்டுவதா, மறுபக்கம் ஒன்றைப் பிய்ப்பதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.

அன்புடன்,
காகித வேலை செய்கிறவர்கள்