வேதாகமக் கல்லூரி மாணவருக்கான எழுத்து உதவியும் நூலகப் பணியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நூலகர் அம்மா அவர்களே, வந்திருக்கும் போதகர்களே, மாணவ மாணவியரே, உங்கள் யாவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் என் அன்பின் வாழ்த்துகள். பாளையங்கோட்டையில் கூடும் நம் சங்கத்தின் இந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு தவறாமல் கூடியது. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே, மாணவருக்குக் கட்டுரை எழுதப் பழக்கும் மாலை நேர எழுத்து உதவிக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் போனது. போக வேண்டியதும் அங்கேதான் என்று நம்புகிறேன்.

நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், கிராம ஊழியம் என்று வளர்ந்தவர்கள். பிரசங்க பீடத்தில் ஏற்றினால் அரை மணி நேரம் தடுமாறாமல் பேசுவார்கள். ஆனால் பத்துப் பக்கக் கட்டுரை கேட்டால், வருவதும் பிரசங்கமாகவே இருக்கிறது. அதைக் குறை சொல்லக்கூடாது. அவர்கள் கேட்டு வளர்ந்த உரைநடை அது ஒன்றுதான். கட்டுரை வேறு விதமாக நடக்கும் என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

ஒரு தம்பி ஆமோஸ் 5:24ஐ எடுத்துக்கொண்டு வந்தார். “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது” என்ற வசனம். முதல் பக்கத்திலேயே இன்றைய சபைக்கு அறைகூவல் விடுத்திருந்தார். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைத் திருத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்டார். “தம்பி, ஆமோஸ் எந்த ஊர்க்காரர்? எங்கே போய் இதைப் பேசினார்? இதற்கு முந்தின மூன்று வசனங்களில் ஆண்டவர் எதை வெறுக்கிறேன் என்கிறார்?” தம்பி வேதாகமத்தைத் திறந்தார். யூதாவிலுள்ள தெக்கோவா ஊர் மேய்ப்பர், வடக்கே பெத்தேலுக்குப் போய், இரண்டாம் யெரொபெயாமின் காலத்தில், அதாவது கி.மு. 8ஆம் நூற்றாண்டில், பண்டிகையையும் பலியையும் பாட்டையும் தேவன் வெறுக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். ஆசாரியனாகிய அமத்சியா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னதும் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன்பிறகு இரண்டு விளக்கவுரைகளை அருகருகே வைத்தார்கள். ஆமோஸ் பலி செலுத்துவதையே மறுத்தாரா, நீதியில்லாமல் செலுத்துவதை மட்டும் மறுத்தாரா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கட்டுரை பிறந்தது. “நீங்க எந்தப் பக்கம், ஏன்?” என்ற கேள்விக்கு விடை எழுத அந்தத் தம்பிக்கு வாரங்கள் பிடித்தன. கடைசியில் வந்த கட்டுரையில் சபைக்கான வார்த்தையும் இருந்தது. ஆனால் அது இறுதிப் பகுதியில், ஆதாரத்தோடு, தன் இடத்தில் இருந்தது.

அடிக்குறிப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாணவர்களிடம் பெரும்பாலும் துராபியன் முறையைக் கேட்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளராக இருந்த கேட் துராபியன் என்ற அம்மையார் 1937இல் மாணவருக்காகத் தொகுத்த சிறு கையேட்டிலிருந்து வளர்ந்தது அது. மேற்கத்திய பெயர்களை வைத்து உருவான முறை என்பதால், குடும்பப் பெயரை முன்னே போடு என்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்தை முன்னே தள்ளி, தகப்பனார் பெயரில் நூலை அடுக்கிவிடுகிறார்கள் பிள்ளைகள். துணைநூற்பட்டியலில் தமிழ் ஆசிரியரை அவருடைய சொந்தப் பெயரில் வைத்து, காற்புள்ளி இட்டுத் தலைப்பெழுத்தை எழுத வேண்டும் என்று ஒரு பக்க வழிகாட்டி தயாரித்துக் கொடுத்தோம். ‘மேலது’ (சற்றுமுன் சொன்ன அதே நூல்), ‘மு.நூ.’ (முன்பு சுட்டிய நூல்) எங்கே வரும், பக்க எண் எப்படி வரும் என்பதும் அதில் உண்டு. வேத வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தாரா, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலிருந்து எடுத்தாரா என்பதை முதல் மேற்கோளிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்தோம். ஒரே கட்டுரையில் ஒரு பக்கம் ஆதியாகமமும் மறுபக்கம் தொடக்கநூலும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார்.

எழுத்துத் திருட்டு விஷயத்தில் நான் வெளிப்படையாகவே கவலைப்படுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறையில், ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினால் படிப்படியாக நடவடிக்கை உண்டு. ஆங்கில நூலைக் கணினியில் மொழிபெயர்த்து ஒட்டினால் ஒப்புமை தேடும் கணினிச் சோதனை பெரும்பாலும் பிடிக்காது. ஆனால் அடுத்தவர் உழைப்பை நம் பெயரில் வைப்பது அதனால் மாறிவிடுவதில்லை. நாளைக்குச் சபையில் உண்மை பேசப்போகிறவர்கள் இவர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த நூற்பட்டியலையும் சிலர் கொண்டுவந்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படியொரு நூலே இல்லை. ஆகவே, கையில் எடுத்துப் பார்க்காத நூலை, திறந்து பார்க்காத பக்கத்தை அடிக்குறிப்பில் எழுதக்கூடாது என்பதை எழுத்து உதவியின் முதல் விதியாக வைத்திருக்கிறோம்.

நூலகத்துக்கு வருகிறேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் ட்யூவி பகுப்பில் 220 வேதாகமம், 230 கிறிஸ்தவ இறையியல் என்பதை முதலாண்டு மாணவருக்கு அலமாரி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார் நம் நூலகர் அம்மா. 221 தொடங்கிப் பழைய ஏற்பாடு, 225 தொடங்கிப் புதிய ஏற்பாடு, 226 சுவிசேஷங்கள், 227 நிருபங்கள். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அதன்பின் யாரையும் கேட்காமல் தானே போய் எடுக்கிறது. அந்த ஒரு மணி நேரப் பயிற்சிக்கு நாம் அம்மாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நல்ல விளக்கவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, விலையும் அதிகம். ஒரு தொகுதியின் விலையில் ஒரு மாணவரின் மாத விடுதிச் செலவே அடங்கிவிடும். தமிழில் எழுதும் மாணவர் இரட்டைச் சுமை சுமக்கிறார். அதனால் கணினி வழியாகக் கிடைப்பதை அதிகம் சொல்லிக்கொடுத்தோம். கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் இணையதளத்தில் எபிரெய, கிரேக்க மூலச் சொற்களைக் காசில்லாமல் பார்க்கலாம். இணைய ஆவணக் காப்பகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய அச்சு நூல்கள் கிடைக்கின்றன. குறிப்புகளைச் சேர்த்துவைக்க ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆய்வேடுகளில் ஒரு சொல்லையும் தேட முடியவில்லை என்பதால், இனி எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டோம்.

1820இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்து தங்கி எழுதிய ஊர் இது. இங்குள்ள வீடுகளிலும் சேகரங்களிலும் பழைய தமிழ்க் கிறிஸ்தவ நூல்கள் இன்னும் கிடக்கின்றன, செல்லரித்துக்கொண்டும் இருக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அவற்றைப் படம் பிடித்து வைக்கும் வேலையை இந்த ஆண்டு தொடங்கவே முடியவில்லை. நல்ல வருடி (ஸ்கேனர்) நம்மிடம் இல்லை. உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாமல் நம்மிடம் சொல்லுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு காரியங்களை முன்வைக்கிறது. ஒன்று, எழுத்து உதவியை ஆய்வேடு எழுதும் இறுதியாண்டுக்கு மட்டும் என்றில்லாமல் முதலாண்டிலேயே தொடங்குவது. ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது வரும் மாணவருக்கு நாம் எழுத்துப்பிழை திருத்தலாம், அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. மற்றொன்று, நூலகத்தை மாலையிலும் திறந்துவைக்க கல்லூரி நிர்வாகத்தைக் கேட்பது. பகலெல்லாம் வகுப்பு, சனி ஞாயிறு ஊழியம் என்று இருக்கும் பிள்ளைகளுக்கு வாசிக்க மிஞ்சுவது மாலை மட்டுமே. புத்தகம் வாங்கப் பணம் தருவோர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. இப்போது நமக்கு அதைவிடத் தேவை, வாரத்தில் ஒரு மாலை வந்து மாணவரோடு உட்காரும் ஆட்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் போதகர்களும் இன்றே பெயர் கொடுக்கும்படி கேட்கிறேன். பதிவேடு என்னிடம் இருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்று, மேற்சொன்ன இரண்டு முன்மொழிவுகளையும் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்