பழைய மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் ஷெட்டிலோ மாடி அறையிலோ சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு லேத்துக்கு அடுத்தபடி தேவைப்படுவது, மேசைமேல் வைத்து ஓட்டும் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் இயந்திரம்). புதிது வாங்க வசதிப்படாதவர்கள் செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள். அதில் தவறே இல்லை, நல்ல வார்ப்பிரும்பு வயதானதால் கெட்டுப்போவதில்லை. ஆனால் அந்த மெஷின்கள் பெரும்பாலும் கரண்ட் இணைப்பு இல்லாத கொட்டகையில், புதுப் பெயிண்டோடு நிற்கின்றன. வாங்க வருபவர் ஹேண்டிலைச் சுற்றிப் பார்க்கிறார், லேசாகச் சுற்றுகிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். லேசாகச் சுற்றுவது தேய்மானத்தாலும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். கல்லூரிகள் பழைய மெஷின்களை ஏலம் விடும்போது ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். அதற்கு முன், வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் பார்க்கப் போகும்போது காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி), துளைக்குள்ளும் நுழையும் ஒரு சிறிய லீவர் டயல், செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயர், ஆலன் கீ செட், டார்ச் லைட், மண்ணெண்ணெய் நனைத்த துணி ஆகியவை பையில் இருக்க வேண்டும். இவற்றைக் கொண்டு சோதிக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது டேபிளின் நடுப்பகுதி. வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸை எப்போதும் நடுவில்தான் பூட்டுவார்கள். அதனால் வேலை முழுவதும் அந்த 100, 150 மில்லிமீட்டருக்குள்ளேயே நடக்கும். டேபிள் வழுக்கி ஓடும் ஸ்லைடு தேய்வதும், டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ தேய்வதும் அங்கேதான். டேபிளை நடுவில் நிறுத்தி, ஆட்டம் இல்லாமல் சற்று இறுக்கமாக நகரும் அளவுக்கு ஸ்லைடின் இடைவெளியைக் குறைக்கும் ஜிப் பட்டையின் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். பிறகு இரண்டு ஓரங்களுக்கும் ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொண்டால் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை ஜிப்பைத் திருகிச் சரிசெய்ய முடியாது. சாணை பிடிக்க வேண்டும் அல்லது ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்துவது) செய்ய வேண்டும். சின்ன மெஷினுக்கு அந்தக் கூலி, மெஷினின் விலையையே தாண்டிவிடும். டேபிள் முகத்தில் டிரில் பட்ட குழிகளைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். முன்பு வைத்திருந்தவர் எவ்வளவு அக்கறையானவர் என்பதை அவை காட்டும், மற்றபடி வேலைக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

அடுத்தது பேக்லாஷ், அதாவது ஹேண்டிலைத் திருப்பிச் சுற்றும்போது டேபிள் நகராமல் வீணாகும் சுற்று. டயல் கேஜின் முனையை டேபிளின் ஓரத்தில் வைத்து, ஒரே திசையில் சுற்றி முள் நகர்ந்ததும் ஹேண்டிலின் அளவு வளையத்தைப் பூஜ்யத்தில் வைக்கவும். எதிர்த்திசையில் சுற்றி, முள் மறுபடி அசையத் தொடங்கும்வரை வளையம் எத்தனை கோடு நகர்கிறது என்று எண்ணவும். நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் இதைச் செய்ய வேண்டும். மூன்று இடத்திலும் 0.2 மில்லிமீட்டர் காட்டினால் நட்டு தேய்ந்திருக்கிறது. அதை இறுக்கலாம், இல்லாவிட்டால் வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து போடலாம். நடுவில் 0.4, ஓரங்களில் 0.1 என்று வந்தால் தேய்ந்தது ஸ்க்ரூ. நடுவுக்கு ஏற்ப நட்டை இறுக்கினால் ஓரங்களில் திருகவே முடியாது. பேக்லாஷ் கொஞ்சம் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் கட்டர் சுற்றும் திசையிலேயே வேலையைத் தள்ளினால், கட்டர் டேபிளை வெடுக்கென்று தன்பக்கம் இழுத்துப் பல் உடைந்துவிடும். எதிர்த்திசையில் தள்ளி வெட்டுவதே இத்தகைய மெஷினுக்கு நல்லது.

கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைச் சோதிக்க, அதன் டேப்பரின் (கட்டர் பிடிப்பான் நுழையும் கூம்புத் துளை) உட்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு லீவர் டயலின் முனையை நேரடியாக அதன் சுவரில் வைத்துக் கையால் சுற்றுங்கள். சக்கில் கம்பியைப் பிடித்துப் பார்த்தால் சக்கின் கோணலும் அளவில் சேர்ந்துவிடும். முள்ளின் ஆட்டம் 10 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நன்று, 20 மைக்ரான்வரை வீட்டு வேலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு டயலை ஸ்பிண்டிலின் அடிமுகத்தில் வைத்து, மரக்கட்டையால் கீழிருந்து நெம்பி மேல்கீழ் ஆட்டத்தைப் பாருங்கள். கடைசியாக, அதிக வேகத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். பேரிங் இருக்கும் இடம் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டாலோ, அணைத்தபின் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

உருண்டைத் தூண் உள்ள மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும். ஸ்பிண்டிலும் மோட்டாரும் உள்ள தலையை ஏற்றி இறக்கும்போது அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும், பிடித்துவைத்த சென்டர் போய்விடும். துளை போட்டு, டேப் அடித்து (மரை வெட்டி), மறுபடி அதே துளைக்கு வர வேண்டிய வேலைகளுக்கு அது பெரிய தலைவலி. என் கருத்தில், கூடுதல் பணம் கொடுத்தாவது வால்கட்டு ஸ்லைடு (புறா வால் வடிவப் பள்ளத்தில் நகர்வது) உள்ள சதுரத் தூணையே வாங்க வேண்டும். சீக் நிறுவனத்தின் எக்ஸ்2 வகைச் சிறிய மெஷின்களில் தலைக்குள் பிளாஸ்டிக் கியர் இருக்கும். கட்டர் சிக்கினால் முதலில் போவது அதன் பல்தான், பெல்ட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். டேப்பரின் அளவுமுறை எம்டி3-யா ஆர்8-ஆ என்பதையும் கேளுங்கள். ஆர்8-இல் டிராபாரின் (கட்டர் பிடிப்பானை மேலிருந்து இழுத்துப் பூட்டும் கம்பி) மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. எம்டி3 தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், கழற்ற டிராபாரைத் தட்ட வேண்டியிருக்கும்.

மோட்டாரில் ஏமாறுபவர்கள் அதிகம். வீட்டில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ், மெஷினில் இருப்பது 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார். சிங்கிள் பேஸ் கரண்டை த்ரீ பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி கருவி வாங்கினால் போதும் என்று விற்பவர் சொல்வார். அந்த விஎஃப்டி வெளியே தருவதும் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான். எனவே மோட்டாரின் உள் இணைப்பை 415 வோல்ட்டுக்கான ஸ்டார் முறையிலிருந்து 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா முறைக்கு மாற்ற முடிய வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டால் முடிந்தது. மூன்றே முனைகள் வெளியே வந்து, ஸ்டார் இணைப்பு உள்ளேயே கட்டப்பட்டிருந்தால், வைண்டிங் கடையில் மோட்டாரைப் பிரித்து மற்ற மூன்றையும் வெளியே எடுக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்காதபடி கான்டாக்டர் ஸ்டார்ட்டர் போடுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

கையிலுள்ள பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். 4 அங்குல வைஸ், கட்டரைப் பிடிக்கும் ஈஆர்25 அல்லது ஈஆர்32 சக், அதற்குள் போகும் கோலெட்டுகள், கிளாம்ப் செட், வைஸில் வேலைப்பொருளை உயர்த்தி வைக்கும் பேரலல், எண்ட் மில் கட்டர்கள் என்று சேர்த்தால் மெஷின் விலையை நெருங்கிவிடும். டிரில் சக்கில் எண்ட் மில்லைப் பிடித்து ஓட்டுவது ஆபத்து. பக்கவாட்டு விசையில் சக்கே தன்னைத் தாங்கும் ஆர்பர் தண்டிலிருந்து கழன்று விழும்.

இப்போது இந்தக் கடிதத்தின் கோரிக்கைக்கு வருகிறேன். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகங்களிலிருந்து கம்ப்யூட்டரால் இயங்கும் சிஎன்சி டிரெய்னர் (பயிற்சி) மில்லிங் மெஷின்கள் ஏலத்துக்கு வருகின்றன. மெழுகிலும் அலுமினியத்திலும் மாணவர்கள் பயிற்சி வெட்டு வெட்டியவை என்பதால் பலவற்றில் ஸ்லைடும் அச்சுகளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் அதிகம் தேயாமலேயே இருக்கும். கெட்டுப்போவது பழைய கம்ப்யூட்டரும், மென்பொருள் இயங்குவதற்காக அதில் செருகும் மின்னணுச் சாவியும்தான். அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது கண்ட்ரோலரும் டிரைவும் பொருத்தினால் வீட்டுப் பட்டறைக்கு அருமையான மெஷின். ஆனால் ‘உள்ளது உள்ளபடியே’ என்ற நிபந்தனையோடு, கேபிளை வெட்டி, இரும்புக் கழிவோடு சேர்த்து எடைக்கு விற்றுவிடுவதும் நடக்கிறது. பார்வையிடும் நாளில் ஆய்வக உதவியாளர் ஒருவர் கரண்ட் கொடுத்து மூன்று அச்சுகளையும் ஓட்டிக் காட்டட்டும். வயரிங் படம், கையேடு, கேபிள்கள் எல்லாவற்றையும் மெஷினோடு கட்டிக் கொடுக்கட்டும். டிரெய்னர்களைக் கழிவுக் குவியலோடு சேர்க்காமல் தனி லாட்டாக அறிவிக்கட்டும். கல்லூரிக்கும் கூடுதல் விலை கிடைக்கும்.

இப்படிக்கு,
மெஷினிஸ்ட் வாசகர், கோவை.