கியூ காப்பகத்தில் இருக்கும் மனுக்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி இப்போது பரவாயில்லையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகத் தூக்கம் வராத ராத்திரிகளில் ஒரே விஷயத்தைப் படிக்கிறேன். முப்பது வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவன் என்பதால்தானோ என்னவோ, அது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. அவர்களுக்காக வீட்டார் உள்துறை அமைச்சருக்குப் போட்ட கருணை மனுக்கள் கட்டுக் கட்டாக லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அவர்கள் சொன்ன காரணங்களைப் பார், சுந்தரம். இதுதான் முதல் குற்றம். தாய்க்கு வயசாகிவிட்டது. மனைவி மாசமாக இருக்கிறாள், கைக்குழந்தை வேறு. என் மேஜை முன்னால் உட்கார்ந்து எத்தனை பேர் இதையே சொல்லி அழுதிருக்கிறார்கள்! கீழே பாதிரியார், அக்கம்பக்கத்தார், வேலை கொடுத்தவர், சில மனுக்களில் பொருளைப் பறிகொடுத்தவரே கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதத் தெரியாதவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. பல மனுக்களின் மேல் அதிகாரி எழுதியது 'நில்' (Nil) என்று ஒரே ஆங்கிலச் சொல். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

1834இல் டோர்செட் பகுதியில் டோல்பட்டில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேர் சங்கம் சேர்ந்தார்கள். ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று ஏழு வருஷ நாடுகடத்தல். டினையா ஸ்டான்ஃபீல்டு என்ற பெண்ணுக்குக் கணவன், மகன், கூடப்பிறந்தவர்கள் இருவர், நாலு பேரும் ஒரே தீர்ப்பில் போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஊர் நிவாரணத்தைக்கூடக் கொடுக்க மறுத்தார்கள். லட்சக்கணக்கான கையெழுத்தோடு லண்டனில் ஊர்வலம் போனபோது அமைச்சர் மெல்போர்ன் மனுவைக் கையில் வாங்கவே இல்லை. 1836இல்தான் முழு மன்னிப்பு வந்தது. அவர்களுக்கு லண்டனே திரண்டு வந்தது. ஆடு திருடியவனின் மனைவிக்கு யார் வருவார்கள்? அவளுக்கு இருந்ததெல்லாம் பத்துக் கையெழுத்துதான்.

மன்னிப்பு கிடைக்காது என்று தெரிந்த பிறகு சில பெண்கள் வேறு மனு போட்டார்கள். அவரைத் திருப்பி அனுப்பமுடியாதென்றால் என்னையும் பிள்ளைகளையும் அவரிடமே அனுப்பிவிடுங்கள் என்று. அதைப் படித்த அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை, எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, தை மாசம் வருகிறாய்தானே? வரும்போது நம் பழைய போட்டோவை எடுத்துவா.

அன்புடன்,
முருகேசன்